போட்டாச்சே, மறுபடியும் எதுக்கு?

போலியோ சொட்டு மருந்து முகாம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமையில் எந்த ஊர் அங்கன்வாடி வாசலில் போய் நின்றாலும் இந்தக் கேள்வி காதில் விழும். "பொறந்தப்பவே போட்டாச்சு, ஒன்றரை மாசத்துல போட்டாச்சு, போன வருஷம் முகாம்லயும் போட்டாச்சு. மறுபடியும் எதுக்கு சிஸ்டர்?" செவிலியர், "எத்தனை தடவை போட்டிருந்தாலும் போடலாம்மா, ஒண்ணும் ஆகாது" என்பார். குழந்தை வாயைத் திறக்கும், இரண்டு சொட்டு விழும், இடது கைச் சுண்டுவிரலில் மை ஏறும், அடுத்த குழந்தை வந்துவிடும். உட்கார வைத்து விளக்கம் சொல்ல அவருக்கு நேரம் கிடையாது.

ஆனால் கேள்வி நியாயமானது. மற்ற தடுப்பூசிகளெல்லாம் இரண்டு, மூன்று என்று கணக்காக முடிந்துவிடும்போது போலியோவுக்கு மட்டும் ஏன் திரும்பத் திரும்ப? இதோடு இன்னொரு கேள்வியும் ஒட்டிக்கொண்டே வரும்: "இப்பதான் போலியோவே இல்லையே?" இரண்டுக்கும் தெளிவான பதில் இருக்கிறது. அந்தப் பதிலின் முக்கியமான பகுதி தெரியவந்தது நம் வேலூரில்.

காய்ச்சல் வந்தது, கால் போனது

ஐம்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் தங்கள் தெருவில், தங்கள் வகுப்பில், ஒரு கால் சூம்பிப்போன ஒருவரைச் சொல்வார்கள். முழங்காலில் கையை ஊன்றி நடந்தவர், இரும்புப் பட்டை வைத்த காலிப்பர் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் வந்தவர், மூன்று சக்கர வண்டியைக் கையால் சுழற்றிக்கொண்டு போனவர். அவர்களின் வீட்டில் கதையும் பெரும்பாலும் ஒன்றுதான்: "நல்லா ஓடியாடிட்டிருந்த புள்ள. ரெண்டு நாள் காய்ச்சல். டாக்டர்கிட்ட போய் ஊசி போட்டோம். மறுநாள் கால் விழுந்துடுச்சு."

பழி ஊசி மேல் விழுந்தது. அதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. போலியோ வைரஸ் உடலுக்குள் இருக்கும் நாட்களில் தசையில் ஊசி போட்டால், அந்தக் காலுக்கோ கைக்கோ வாதம் வரும் வாய்ப்பு கூடும் என்பதை மருத்துவம் உறுதிசெய்திருக்கிறது. சாதாரணக் காய்ச்சலுக்கெல்லாம் தேவையில்லாமல் ஊசி போடும் பழக்கம் நம் நாட்டில் பல குழந்தைகளின் கால்களைப் பறித்திருக்கிறது. ஆனால் மூல காரணம் ஊசி இல்லை. வைரஸ் அதற்கு முன்பே உள்ளே வந்துவிட்டது.

வந்த வழி வாய். போலியோ மலத்தில் வெளியேறி, அசுத்தமான தண்ணீர், கழுவாத கை, ஈ மொய்த்த தின்பண்டம் வழியாக அடுத்த வாய்க்குப் போகும் வைரஸ். தொண்டையிலும் குடலிலும் பெருகும். ஒருவர் குடலிலிருந்து வாரக்கணக்கில் வெளியேறிக்கொண்டே இருக்கும். இதில் மூன்று வகை உண்டு. ஒரு வகைக்கு எதிர்ப்புச் சக்தி வந்தால் மற்ற இரண்டுக்கும் அது உதவாது.

தொற்றியவர்களில் பெரும்பாலானோருக்கு ஒரு அறிகுறியும் தெரியாது. நாலில் ஒருவருக்குச் சாதாரணச் சளிக்காய்ச்சல் மாதிரி வந்து போகும். ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்குத்தான் வைரஸ் குடலைத் தாண்டி, ரத்தம் வழியாகத் தண்டுவடத்துக்குப் போய், தசைகளை இயக்கும் நரம்புச் செல்களை அழிக்கும். கால் துவண்டுவிடும், ஆனால் தொட்டால் தெரியும், கிள்ளினால் வலிக்கும். அழிந்த நரம்புச் செல் திரும்ப முளைக்காது. வாதம் வந்தவர்களில் 100க்கு 5 முதல் 10 பேர், மூச்சுத் தசைகள் செயலிழந்து இறந்துபோவார்கள். இன்றுவரை இதைக் குணப்படுத்த மருந்து இல்லை.

200க்கு ஒன்று என்ற அந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும். ஒரு ஊரில் ஒரு குழந்தைக்குக் கால் போனது என்றால், அந்த வட்டாரத்தில் சுமார் 200 பேர் ஏற்கெனவே வைரஸைச் சுமந்து பரப்பியிருக்கிறார்கள் என்று பொருள். அவர்கள் யாரென்று அவர்களுக்கே தெரியாது. நோயாளியைத் தனிமைப்படுத்திப் போலியோவை நிறுத்த முடியாது. எல்லாக் குழந்தைகளின் குடலிலும் அதற்கு இடமில்லாமல் செய்தால்தான் உண்டு.

ஊசியும் சொட்டும்

1952ஆம் ஆண்டு டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரைப் போலியோ தாக்கியது. பிளெக்டாம் மருத்துவமனைக்கு மூச்சுவிட முடியாத நோயாளிகள் தினம் தினம் வந்தார்கள். அந்தக் காலத்தில் அவர்களுக்கு இருந்த ஒரே நம்பிக்கை இரும்பு நுரையீரல். கழுத்து வரை ஆளை உள்ளே படுக்க வைக்கும் பெரிய இரும்பு உருளை அது. உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து நெஞ்சை விரியவும் சுருங்கவும் வைக்கும். மருத்துவமனையில் இருந்ததோ ஒன்றே ஒன்று. பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர் ஒரு வழி சொன்னார். தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அழுத்தி அழுத்தி நுரையீரலுக்குக் காற்று அனுப்பலாம் என்றார். 12 வயதுச் சிறுமி ஒருத்திக்கு முதலில் செய்து பார்த்தார்கள், பிழைத்தாள். அதன்பிறகு சுமார் 1500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்து, இரவும் பகலும் நோயாளிகளின் தலைமாட்டில் உட்கார்ந்து பையை அழுத்தினார்கள். சாவு எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது. இன்று ஒவ்வொரு மருத்துவமனையிலும் இருக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவின் தொடக்கம் அங்கேதான்.

அதே 1952ல் அமெரிக்காவில் 57 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குப் போலியோ வந்தது. கோடை வந்தால் நீச்சல் குளங்களைப் பூட்டினார்கள், சினிமாவுக்குக் குழந்தைகளை அனுப்பவில்லை. ஆனால் அதற்குள் ஆய்வகத்தில் ஒரு கதவு திறந்திருந்தது. 1949ல் ஜான் எண்டர்ஸ், தாமஸ் வெல்லர், ஃபிரெடரிக் ராபின்ஸ் மூவரும் நரம்புத் திசு இல்லாமலே போலியோ வைரஸை வளர்க்க முடியும் என்று காட்டினார்கள். 1954ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. தடுப்பு மருந்துக்குத் தேவையான அளவு வைரஸ் இனி கிடைக்கும்.

அந்தக் கதவு வழியாக இருவர் இரண்டு திசையில் போனார்கள்.

பிட்ஸ்பர்க்கில் இருந்த ஜோனஸ் சால்க், வைரஸை ஃபார்மலினில் கொன்று ஊசி மருந்தாக்கினார். 1954ல் சுமார் 18 லட்சம் பள்ளிக் குழந்தைகள் பங்கேற்ற சோதனை நடந்தது. 1955 ஏப்ரல் 12 அன்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஃபிரான்சிஸ் முடிவை வாசித்தார்: மருந்து பாதுகாப்பானது, வேலை செய்கிறது. இரண்டே வாரத்தில் பேரிடி. கலிஃபோர்னியாவின் கட்டர் நிறுவனம் தயாரித்த சில தொகுப்புகளில் வைரஸ் முழுமையாகச் சாகாமல் இருந்தது. சுமார் 200 பேருக்கு வாதம், 10 பேர் மரணம். திட்டத்தைச் சில நாள் நிறுத்தி, தயாரிப்பு விதிகளைக் கடுமையாக்கி, மறுபடி தொடங்கினார்கள். தடுப்பூசித் தயாரிப்பை அரசு இவ்வளவு நெருக்கமாகக் கண்காணிக்கும் வழக்கம் அந்தத் துயரத்தில் பிறந்தது. 1957க்குள் அமெரிக்காவில் நோயாளிகள் எண்ணிக்கை 6 ஆயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது.

சின்சினாட்டியில் இருந்த ஆல்பர்ட் சேபின் வைரஸைக் கொல்லவில்லை. பலம் குறைத்தார். குடலில் பெருகும், நரம்பைத் தொடாது. அதை வாயில் சொட்டாக விட்டார். அமெரிக்காவில் அதற்குள் சால்க் ஊசி பரவிவிட்டதால் பெரிய சோதனைக்கு அங்கே இடமில்லை. பனிப்போர் உச்சத்தில் இருந்த நேரத்தில் அவர் தன் வைரஸ் வித்துகளைச் சோவியத் ஒன்றியத்துக்குக் கொடுத்தார். மிகாயில் சுமக்கோவ் தலைமையில் 1959ல் அங்கே ஒரு கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சொட்டு மருந்து போனது. அதன் வெற்றியைப் பார்த்துத்தான் உலகம் சொட்டுக்கு மாறியது.

இரண்டும் ஒரே நோய்க்கு என்றாலும் காவல் காக்கும் இடம் வேறு. ஊசி ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கும். வைரஸ் நரம்புக்குப் போகாமல் தடுக்கும். போட்டுக்கொண்ட குழந்தைக்கு வாதம் வராது. ஆனால் அந்தக் குழந்தையின் குடலில் வைரஸ் பெருகி மற்றவருக்குப் பரவுவதை அது அவ்வளவாகத் தடுக்காது. சொட்டு மருந்து குடலிலேயே எதிர்ப்பை உருவாக்கும், பரவலை அறுக்கும். விலை குறைவு, ஊசி வேண்டாம், மருத்துவர் வேண்டாம், பயிற்சி பெற்ற யாரும் போடலாம். கழிவுநீர் வசதி இல்லாத நாடுகளுக்குச் சொட்டுதான் பொருத்தம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அப்புறம்தான் வேலூர் பேசியது.

வேலூர் கண்ட உண்மை

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வைரஸ் ஆய்வுக்கூடத்தை வளர்த்தெடுத்தவர் டாக்டர் டி. ஜேக்கப் ஜான். குழந்தை மருத்துவரும்கூட. ஒரு விஷயம் அவரை உறுத்தியது. விதிப்படி மூன்று தவணை சொட்டு மருந்து வாங்கிய குழந்தைகளே போலியோவில் படுத்து வந்தார்கள். மருந்து கெட்டுப்போயிருக்கும், வெயிலில் வைத்திருப்பார்கள் என்பதுதான் அப்போது எல்லோரும் சொன்ன காரணம். அவர் குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார். நல்ல மருந்தை, சரியான குளிரில் வைத்து, சரியாகக் கொடுத்தாலும் நம் குழந்தைகள் பலருக்கு எதிர்ப்புச் சக்தி உண்டாகவில்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மூன்று தவணையில் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைக்கும் பலன் கிடைக்க, வளரும் நாடுகளில் முதல் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் 100க்கு சுமார் 70 பேருக்குத்தான் கிடைத்தது என்பதைப் பின்னாளில் பல நாட்டு ஆய்வுகளும் உறுதிசெய்தன.

காரணம் குடலில் இருக்கிறது. சொட்டு மருந்தில் இருப்பது உயிருள்ள வைரஸ். அது குடலில் ஒட்டி வளர்ந்தால்தான் பலன். சுகாதாரம் குறைந்த வெப்ப நாடுகளில் ஒரு குழந்தையின் குடலில் ஏற்கெனவே வேறு பல வைரஸ்கள் குடியிருக்கும். அடிக்கடி வயிற்றுப்போக்கு. நெரிசலான பேருந்தில் ஏற முடியாமல் படியிலேயே நின்றுவிடும் பயணி மாதிரி, மருந்து வைரஸுக்கு உள்ளே இடம் கிடைப்பதில்லை. போதாததற்கு, மருந்தில் இருந்த மூன்று வகைகளும் ஒன்றோடொன்று போட்டியிட்டன. இரண்டாம் வகை மற்ற இரண்டையும் முந்திக்கொண்டது.

பலன் குறைவென்றால் வழி? ஒன்று, அதிகத் தவணை. இன்னொன்று, குழந்தைக்குக் குழந்தை வெவ்வேறு நாளில் கொடுக்காமல், ஊரில் இருக்கும் எல்லாக் குழந்தைக்கும் ஒரே சமயத்தில் கொடுப்பது. அப்படிக் கொடுத்தால் அந்த நாட்களில் ஊர் முழுக்கக் குழந்தைகளின் குடலில் மருந்து வைரஸே நிறைந்திருக்கும். இயற்கையாகப் பரவும் 'காட்டு' வைரஸுக்குப் போக இடம் இருக்காது. வேலூர் நகரத்தில் இதைச் செய்துகாட்டினார்கள். 1983ல் அந்த அனுபவம் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. 'பல்ஸ்' என்ற சொல்லைத் தலைப்பிலேயே வைத்திருந்த கட்டுரை அது. நாடு முழுக்கப் 'பல்ஸ் போலியோ' என்று பெயர் வைத்துத் திட்டம் வர இன்னும் 12 ஆண்டு பிடித்தது.

இப்போது அங்கன்வாடி வாசல் கேள்விக்கு வரலாம். 2006ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஒரு ஆய்வு, அப்போதைய மூவகைச் சொட்டு மருந்தின் ஒவ்வொரு தவணையும் முதல் வகைப் போலியோவிலிருந்து எவ்வளவு காக்கிறது என்று கணக்கிட்டது. உத்தரப் பிரதேசத்தில் ஒரு தவணைக்கு 9 சதவீதம். பீகாரில் 18. இந்தியாவின் மற்ற பகுதிகளில் 21.

இதை நாமே போட்டுப் பார்க்கலாம். தவணைக்கு 21 சதவீதம் என்றால், மூன்று தவணை வாங்கிய 100 குழந்தைகளில் 51 பேர்தான் காப்பாற்றப்படுவார்கள். பத்துத் தவணை கொடுத்தால் 90 பேர். தவணைக்கு 9 சதவீதம் என்றால் மூன்று தவணையில் 25 பேர், பத்துத் தவணையிலும் 61 பேர்தான். ஆக, போன வருடம் போட்ட சொட்டு வீண் என்றோ, அது தீர்ந்துபோய்விட்டது என்றோ யாரும் சொல்லவில்லை. அது இந்தக் குழந்தையின் குடலில் பிடித்ததா, பிடிக்கவில்லையா என்பது வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. ஏற்கெனவே பிடித்திருந்தால் மறுபடி போடுவதில் கெடுதல் இல்லை. பிடிக்காமல் போயிருந்தால் இன்றைய இரண்டு சொட்டுதான் அந்தக் குழந்தையின் கால்.

741லிருந்து பூஜ்யத்துக்கு

1988ல் உலக சுகாதாரப் பேரவை போலியோவை ஒழிக்கத் தீர்மானம் போட்டபோது 125க்கும் மேற்பட்ட நாடுகளில் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் பேருக்குப் போலியோ வந்துகொண்டிருந்தது. அந்த முயற்சிக்கு முதலில் தோள் கொடுத்த அமைப்புகளில் ரோட்டரி முக்கியமானது. 1994 அக்டோபர் 2 அன்று டெல்லியில் குழந்தைகளுக்கு ஒரே நாளில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். 1995 டிசம்பரில் அது நாடு தழுவிய திட்டமானது.

தெற்கே வேகமாகப் பலன் கிடைத்தது. தமிழ்நாட்டில் 2004க்குப் பிறகு போலியோ நோயாளியே இல்லை. இலங்கையில் 1993தான் கடைசி. அங்கே போர் நடந்துகொண்டிருந்த 1990களில், யுனிசெஃப் முயற்சியால் சொட்டு மருந்து நாட்களில் அரசும் புலிகளும் துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள். வடக்கிலும் கிழக்கிலும் குண்டுச் சத்தத்துக்கு நடுவே பிறந்த தமிழ்க் குழந்தைகளுக்கு அந்த அமைதி நாட்களில் மருந்து போய்ச் சேர்ந்தது.

வட இந்தியாவில் கதை வேறு. 2002ல் இந்தியாவில் 1600 பேருக்குப் போலியோ வந்தது. அதில் பெரும்பகுதி உத்தரப் பிரதேசம். மொராதாபாத் சுற்றுவட்டாரத்தில் நெருக்கமான வீடுகள், திறந்த சாக்கடை, ஓயாத வயிற்றுப்போக்கு. இதற்கு மேல் வதந்தி. இந்தச் சொட்டு குடித்தால் பிற்காலத்தில் பிள்ளை பிறக்காது என்று கதை கிளம்பி, கதவுகள் சாத்திக்கொண்டன. ரேஷன் கிடைக்காத, தண்ணீர் வராத தெருவுக்கு, மாதாமாதம் சொட்டு மருந்து மட்டும் வீடு தேடி வந்தால் சந்தேகம் வரத்தானே செய்யும்? மக்களைத் திட்டி இதைத் தீர்க்க முடியாது என்று அதிகாரிகளுக்கு மெல்லப் புரிந்தது. இமாம்கள் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அழைத்தார்கள். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமியா மில்லியாவும் துணைக்கு வந்தன. அந்தந்தத் தெருவிலேயே இருக்கும் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். சொட்டு மருந்தோடு கை கழுவுவது, வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல், மற்ற தடுப்பூசிகள் என எல்லாவற்றையும் சேர்த்துப் பேசினார்கள்.

பீகாரில் கோசி ஆற்றுப் படுகை இன்னொரு சவால். வருடத்தில் பல மாதம் வெள்ளம் சூழ்ந்து கிடக்கும் கிராமங்கள். படகில் போய், மணலில் நடந்து, இரவு அங்கேயே தங்கி மருந்து கொடுத்தார்கள். செங்கல் சூளைகள், கட்டடப் பணியிடங்கள், ரயில் நிலையங்கள், ஓடும் ரயில் என்று இடம்பெயர்ந்து போகிறவர்களைத் தேடித் தேடிப் போனார்கள். ஒரு தேசிய முகாமுக்கு 23 லட்சம் பணியாளர்கள், 17 கோடி குழந்தைகள்.

மருந்தும் மாறியது. மூன்று வகையும் சேர்ந்து போட்டியிடுவதுதானே பிரச்சினை? முதல் வகை மட்டும் உள்ள சொட்டு 2005ல் வந்தது. ஒன்றும் மூன்றும் மட்டும் சேர்ந்த இருவகைச் சொட்டு 2010 ஜனவரியில் வந்தது. வித்தியாசத்தை எண்களே சொல்லும்: 2009ல் 741 பேர். 2010ல் 42. 2011ல் ஒரே ஒரு குழந்தை. மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டச் சிறுமி. 2011 ஜனவரி 13 அன்று அவளுக்குக் கால் துவண்டது. அதன்பிறகு இந்தியாவில் காட்டு வைரஸால் ஒரு குழந்தைக்கும் வாதம் வரவில்லை. 2014 மார்ச் 27 அன்று இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பிராந்தியம் போலியோ இல்லாத பகுதியாகச் சான்று பெற்றது. இந்தியாவில் இது நடக்கவே நடக்காது என்று உலகின் பெரிய நிபுணர்களே சொல்லிவந்த காலம் உண்டு.

குப்பியில் ஒரு சதுரம், சாக்கடையில் ஒரு சோதனை

முகாமுக்குப் போனால் அந்த மருந்துக் குப்பியை ஒருமுறை பார்க்கக் கேளுங்கள். வெளிறிய இளஞ்சிவப்பு நிறத்தில் மருந்து இருக்கும். ஒட்டியிருக்கும் லேபிளில் ஒரு ஊதா வட்டம், அதற்குள் வெளுத்த ஒரு சதுரம். குப்பி எவ்வளவு நேரம், எவ்வளவு வெப்பத்தில் இருந்ததோ அதற்கேற்ப அந்தச் சதுரம் கருத்துக்கொண்டே வரும். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருக்கும்வரை மருந்தைப் பயன்படுத்தலாம். இரண்டும் ஒரே நிறம் ஆகிவிட்டால் தூக்கிப் போட்டுவிட வேண்டும். பக்கத்தில் ஐஸ் பேக் வைத்த பெட்டி இருக்கும். கிடங்கிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையம், அங்கிருந்து இந்த மேசை வரை குளிர் அறுந்ததா இல்லையா என்பதை எழுதப் படிக்கத் தெரியாதவரும் அந்தச் சதுரத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

விரலில் வைக்கும் மையும் அப்படித்தான். மறுநாள் வீடு வீடாக வரும் குழு முதலில் பார்ப்பது குழந்தையின் சுண்டுவிரலை. எல்லாக் குழந்தைக்கும் போட்ட வீட்டுச் சுவரில் ஒரு குறி, விடுபட்ட வீட்டுக்கு வேறு குறி. விடுபட்ட வீட்டுக்குத் திரும்ப வருவார்கள்.

நோய் இல்லை என்று எப்படித் தெரியும்? தேடிக்கொண்டே இருப்பதால்தான். 15 வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்காவது திடீரென்று கையோ காலோ துவண்டால், காரணம் எதுவாக இருந்தாலும் மருத்துவர் தகவல் கொடுக்க வேண்டும். 14 நாட்களுக்குள், ஒரு நாள் இடைவெளி விட்டு, இரண்டு முறை மலம் எடுத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். நாட்டில் இதற்கென்று இருக்கும் எட்டு ஆய்வகங்களில் ஒன்று நம் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட். இது போதாதென்று நகரங்களின் சாக்கடை நீரையும் எடுத்துப் பார்க்கிறார்கள். இந்தியாவில் இது 2001ல் மும்பையில் தொடங்கியது. யாருக்கும் கால் விழுவதற்கு முன்பே, அறிகுறியில்லாமல் சுமக்கும் அந்த 199 பேரைக் காட்டிக்கொடுப்பது சாக்கடைதான்.

மறைக்கக் கூடாத பக்கம்

சொட்டு மருந்தைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லியாக வேண்டும். அதில் இருப்பது உயிருள்ள வைரஸ். மிக மிக அரிதாக, சுமார் 27 லட்சம் தவணைக்கு ஒன்று என்ற அளவில், அது வாங்கிய குழந்தைக்கே வாதத்தைத் தரக்கூடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. பாதிக் குழந்தைகளுக்கு மருந்து போகாத ஊரில், மருந்து வைரஸ் குடலுக்குக் குடல் தாவி, மாதக்கணக்கில் சுற்றி, மெல்ல மாறி, இழந்த பலத்தைத் திரும்பப் பெற்றுவிடும். மருந்து எல்லோருக்கும் போய்ச் சேர்ந்த ஊரில் இது நடக்காது.

இப்படிப் பரவியவற்றில் பெரும்பாலானவை இரண்டாம் வகை. காட்டு வைரஸில் அந்த வகையோ 1999லேயே ஒழிந்துவிட்டது. எனவே 2016 ஏப்ரலில் உலகம் முழுக்க ஒரே சமயத்தில் மூவகைச் சொட்டை நிறுத்தி இருவகைச் சொட்டுக்கு மாறினார்கள். ஆனாலும் சில நாடுகளில் இரண்டாம் வகை மருந்துவழி வைரஸ் தங்கிவிட்டது. 2022ல் நியூயார்க் அருகே ராக்லண்ட் பகுதியில் தடுப்பூசி போடாத ஒரு இளைஞருக்கு வாதம் வந்தது. அதே ஆண்டு லண்டன் சாக்கடையிலும் வைரஸ் கிடைத்தது. 2024ல் காசாவில், 25 ஆண்டுகளுக்குப் பிறகு, பத்து மாதக் குழந்தைக்குக் கால் போனது. போரில் கழிவுநீர்க் குழாய்கள் உடைந்து, தடுப்பூசி நின்றுபோன இடம் அது. எளிதில் பழைய பலத்துக்குத் திரும்ப முடியாதபடி மரபணுவை மாற்றியமைத்த புதிய இரண்டாம் வகைச் சொட்டு 2020 நவம்பரிலிருந்து அவசரப் பயன்பாட்டுக்கு அனுமதி பெற்று, இத்தகைய இடங்களில் கொடுக்கப்படுகிறது.

காட்டு வைரஸ் இப்போது குடியிருப்பது பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் மட்டும்தான். 2021ல் இரு நாடுகளிலும் சேர்த்து வெறும் ஐந்து பேர். கைக்கு எட்டிவிட்டது என்று நினைத்த நோய் 2024ல் 99 பேரைத் தாக்கியது. பாகிஸ்தானில் 2011ல் அமெரிக்க உளவுத்துறை பின்லேடனைத் தேட ஒரு போலித் தடுப்பூசி முகாம் நடத்தியது. அது மஞ்சள்காமாலைத் தடுப்பூசி. ஆனால் சந்தேகம் போலியோ சொட்டின் மேலும் விழுந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ சொட்டு மருந்துப் பணியாளர்களும் அவர்களுக்குக் காவல் போன போலீஸ்காரர்களும் சுட்டுக் கொல்லப்பட்டிருக்கிறார்கள். பலர் ஏழைக் குடும்பத்துப் பெண்கள். ஒரு பொய்யின் விலையை அவர்கள் உயிரால் கொடுத்தார்கள்.

"இப்பதான் போலியோவே இல்லையே" என்பதற்கு இதுவே பதில். விமானத்தில் சில மணி நேர தூரத்தில் அது இருக்கிறது. நம் குழந்தைகளின் குடல் அதற்கு இடம் கொடுக்காத வரைதான் இங்கே இல்லை.

இப்போது செய்ய வேண்டியது

ஊசியா சொட்டா என்ற பழைய சண்டை இன்று முடிந்துவிட்டது. இரண்டும் வேண்டும். இதற்கும் வேலூர் ஒரு சாட்சி. ஏற்கெனவே சொட்டு வாங்கிய குழந்தைகளுக்கு ஒரே ஒரு ஊசி போட்டால் குடல் எதிர்ப்பும் கூடுகிறது என்று கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2014ல் 'லான்செட்' இதழில் காட்டினார்கள். ஊசி வேண்டும் என்று பல ஆண்டுகளாக வாதாடிவந்தவர் ஜேக்கப் ஜான். 2015 நவம்பரில் இந்தியா ஊசியையும் திட்டத்தில் சேர்த்தது. முழு அளவில் ஐந்தில் ஒரு பங்கை, 0.1 மில்லி, தோலுக்குள் போடும் முறைக்குப் பின்னர் மாறினார்கள்.

அரசு அட்டவணைப்படி சொட்டு பிறந்தவுடன், பிறகு 6, 10, 14 வாரங்களில், அப்புறம் 16 முதல் 24 மாதத்துக்குள் ஒரு பூஸ்டர். ஊசி 6 வாரம், 14 வாரம், 9 மாதம். இந்த மூன்றாவது ஊசி 2023ல் சேர்க்கப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லாம் இலவசம். ஐந்து வயது வரை முகாம் நாளில் போடும் சொட்டு இதற்கு மேல் கூடுதல். அட்டவணையில் ஒன்று தவறிப்போயிருந்தால் தயங்க வேண்டாம். தடுப்பூசி அட்டையோடு போனால் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். லேசான சளி, வயிற்றுப்போக்கு இருக்கிறது என்று சொட்டைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

வெளி மாநிலத்திலிருந்து வந்து கட்டட வேலையிலோ செங்கல் சூளையிலோ இருக்கும் குடும்பங்கள் உங்கள் பகுதியில் இருந்தால், முகாம் நாளைப் பற்றி அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கணக்கில் விடுபடுவது பெரும்பாலும் அந்தக் குழந்தைகள்தான். எந்தக் குழந்தைக்காவது திடீரென்று கை கால் துவண்டால், வீட்டு வைத்தியம் பார்த்து நாளைக் கடத்தாமல் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்கள்.

போலியோவிலிருந்து மீண்டு நம்மோடு வாழும் தலைமுறையையும் மறந்துவிடக் கூடாது. நாற்பது, ஐம்பது வயதில் அவர்களில் பலருக்குப் புதிதாகக் களைப்பு, தசைவலி, நன்றாக இருந்த காலிலும் பலவீனம் வருவதுண்டு. இது வயதாவதால் வரும் சோம்பல் அல்ல, போலியோவுக்குப் பல பத்தாண்டுகள் கழித்து வரக்கூடிய ஒரு தனி நோய்நிலை. இன்று படித்து வரும் இளம் மருத்துவர்களில் பலர் ஒரு போலியோ நோயாளியைக்கூட நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால் மருத்துவரிடம் போகும்போது, சிறு வயதில் போலியோ வந்தது என்பதை அவர்களே முதலில் சொல்லிவிடுவது நல்லது. அளவான உடற்பயிற்சி, ஓய்வு, சரியாகப் பொருந்தும் காலிப்பர் ஆகியவற்றால் அந்த வலியைப் பெருமளவு குறைக்க முடியும்.